நாங்களும் நாமும்: டர்பனில் நடக்கும் ஒரு கொலைக் கதையை எழுதுவது எப்படி

துப்பறியும் கதை எழுதும் தம்பி தங்கைகள் சிலர் தங்கள் கதையை எனக்கு அனுப்பிப் படிக்கச் சொல்வார்கள். வெளிநாட்டில் நடக்கும் கதை என்றால் பெரும்பாலும் ஒரே தடம்தான். சென்னையிலிருந்து ஒரு போலீஸ் அதிகாரி விமானம் ஏறுகிறார். ஹோட்டலில் பிணம் கிடக்கிறது. கதை முக்கால்வாசி ஓடியதும் கொலைகாரன் அதிகாரியின் மனைவியைக் கடத்துகிறான். இனி இது என் சொந்த விஷயம் என்று அவர் பல்லைக் கடிக்கிறார்.

எனக்கு அங்கேதான் வருத்தம். சொந்த விஷயம் என்பதைக் கடைசியில் கொண்டுவந்து ஒட்ட முடியாது. முதல் அத்தியாயத்திலேயே, அது ஆபத்து என்று யாருக்கும் தெரியாதபடி அதை உட்கார வைத்துவிட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் இந்த டர்பனுக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. இங்கே கோர்ட்டில் தமிழுக்கு ஆள் தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். ஐந்தாறு தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை, அவர்கள் வீட்டிலேயே ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். ஊரிலிருந்து வேலைக்கு வந்த சமையல்காரர், கடைப் பையன், கப்பல் சிப்பந்தி, இவர்களுக்குத்தான் நான்.

முதலில் உங்கள் துப்பறிபவருக்கு ஒரு வேலை கொடுங்கள். சென்னை அதிகாரிக்கு இங்கே ஒரு கதவைத் தட்டிக் கேள்வி கேட்கவும் அதிகாரம் கிடையாது. தனியார் துப்பறிவாளர் என்றாலும் இந்த நாட்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், சுற்றுலா விசாவில் வந்தவர் அந்த வேலையைச் செய்ய முடியாது. அதனால் பிணத்துக்குப் பக்கத்தில் தானாகவே போய் நிற்கும் ஒருவரைத் தேடுங்கள். ஊரிலிருந்து வந்த கோயில் குருக்கள், சவ அடக்கக் கடையில் கணக்கு எழுதுபவர், மருத்துவமனை நர்ஸ். குருக்களின் வேலை விசா அவரை வேலைக்கு வைத்த கோயிலோடு கட்டப்பட்டது. கமிட்டிக்காரர்களில் ஒருவரைச் சந்தேகப்பட்டால் அவர் இந்த நாட்டில் இருப்பதே கேள்விக்குறியாகிவிடும். துப்பாக்கியைவிட அந்தக் காகிதம் பெரிய பயம். அயலூரில் ஆபத்து என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

அப்புறம், இந்த ஊர் நடைமுறையைக் கற்றுக்கொள்ளுங்கள். இங்கே இன்ஸ்பெக்டர் கிடையாது. 2010-இல் போலீஸ் பதவிகளுக்கு மறுபடியும் ராணுவப் பெயர்கள் வந்தபோது இன்ஸ்பெக்டர் வாரண்ட் ஆஃபீசர் ஆகிவிட்டார், மேலே கேப்டன், கர்னல் என்று போகும். கைது செய்தவரை 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும், நம் ஊரில் அது 24. அந்தக் கெடு விடுமுறையில் முடிந்தால் அடுத்த கோர்ட் நாள் வரை நீளும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைது செய்தால் கதைக்கு மூன்று இரவுகள் கிடைக்கும், அதை வீணாக்காதீர்கள். ஜூரி 1969-லேயே ஒழிந்துவிட்டது. ஹைகோர்ட்டில் நீதிபதியோடு, அவருக்குத் துணையாக இரண்டு அசெஸர்கள் உட்காரலாம், அவ்வளவுதான்.

டாக்கெட் என்ற வழக்குக் கட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கதைக்குச் சோறு போடுவது அதுதான். அதில் மூன்று பகுதி. ஏ பகுதியில் சாட்சிகளின் வாக்குமூலங்களும் மருத்துவ அறிக்கைகளும் ஏ1, ஏ2 என்று எண் போட்டு இருக்கும். பி பகுதியில் கடிதப் போக்குவரத்து. சி பகுதி விசாரணை டைரி. விசாரிப்பவர் அன்றன்று என்ன செய்தார், மேலதிகாரி என்ன உத்தரவு போட்டார் என்று தேதியோடு அதில் இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பொதுவாக ஏ பகுதி கிடைக்கும், சி கிடைப்பது கடினம். சாட்சி சொன்னது ஏ-யில், போலீஸ்காரர் நம்பியது சி-யில். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் உங்கள் கொலைகாரனை ஒளித்து வையுங்கள்.

இன்னொன்று. ஏ-யில் இருக்கும் வாக்குமூலம் ஆங்கிலத்தில் இருக்கும். சாட்சி சொன்னதோ தமிழில். பக்கத்துக் கடைக்காரரோ சொந்தக்காரப் பையனோ அரைகுறையாகச் சொல்ல, கான்ஸ்டபிள் தனக்குப் புரிந்ததை எழுதியிருப்பார். என் அனுபவத்தில் உண்மை தவறி விழுவது இந்த இடத்தில்தான். ஒரு வழக்கில் ஒரு சாட்சி இறந்துபோனவரை அரை மணி நேரம் அவர், அவர் என்றே சொல்லிக்கொண்டு வந்தார். பணப் பேச்சு வந்ததும் அவன் என்றார். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுதான், நானும் ஒன்றாகத்தான் சொன்னேன். அந்த அறையில் அந்த மாற்றத்தைக் கேட்டது நான் ஒருத்திதான். வீட்டுக்கு வந்து அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்த வழக்கைப் பற்றி இதற்கு மேல் சொல்லக்கூடாது.

அதைவிடப் பெரிய ஆயுதம் ஒன்று தமிழில் இருக்கிறது: நாங்கள், நாம். கேட்பவரை வெளியே நிறுத்தினால் நாங்கள், உள்ளே இழுத்துக்கொண்டால் நாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வீ. இங்கே பேசும் ஜூலு மொழியிலும் அந்த வித்தியாசம் இல்லை. இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் கதையில் கதாநாயகி என்னைப் போல மொழிபெயர்ப்பாளர். கூண்டில் நிற்பவன், “நாங்க கடையை மூடிட்டுக் கிளம்பினோம்” என்கிறான். அவள் ஆங்கிலத்தில் சொல்கிறாள். அடுத்து, அவளைப் பார்த்துக்கொண்டே, “நாம யாருக்கும் கெடுதல் நினைக்கிற ஊர்க்காரங்க இல்லையே” என்கிறான். அவள் அதையும் சொல்கிறாள். நீதிபதி குறித்துக்கொள்கிறார், ஒலிப்பதிவு ஓடுகிறது, யார் முகமும் மாறவில்லை. கோர்ட்டின் நடுவில் அத்தனை பேர் முன்னால் அவன் அவளை மிரட்டிவிட்டான். அந்த மிரட்டலை மொழிபெயர்த்ததும் அவள்தான்.

அவள் ஊர் அவனுக்கு எப்படித் தெரியும்? இதைத்தான் முதல் அத்தியாயத்தில் நட வேண்டும் என்றேன். கோர்ட் வராந்தாவில் ஒரு வயதான அம்மா அவளிடம், “எந்த ஊரும்மா நீ?” என்று கேட்டிருப்பாள். கடல் கடந்து வந்து தமிழ்க் குரல் கேட்டால் நாம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, சந்தோஷமாகப் பதில் சொல்லும் கேள்வி. அவளும் ஊர், தெரு, அப்பா பெயர் எல்லாம் சொல்லியிருப்பாள். படிப்பவருக்கு அது பாசமான காட்சியாகவே தெரியட்டும். அங்கே எதையும் கோடு போட்டுக் காட்டாதீர்கள்.

அடுத்தது போன். டர்பனுக்கும் நம் ஊருக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். இங்கே இரவு ஏழு மணிக்கு அவள் கூப்பிடும்போது அங்கே பத்தரை. அம்மா தூக்கக் கலக்கத்தில் சொல்கிறாள்: “உங்கூட வேலை பார்க்கிற தம்பி சாயங்காலம் வந்தாரும்மா. காபி குடிச்சிட்டு, கிணத்தடியில கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போனாரு. நல்ல பிள்ளை.” கத்தியோ ரத்தமோ இந்தக் காட்சிக்கு வேண்டாம். அம்மாவின் குரலில் துளிப் பயம்கூட இருக்கக் கூடாது.

இப்போது அவளை முடிச்சில் மாட்டுங்கள். நீதிபதியிடம் சொன்னால் அவளை இந்த வழக்கிலிருந்து விலக்கிவிடலாம். டர்பனில் தமிழுக்கு இருப்பதே இரண்டொருவர், அடுத்து வருபவர் யாருடைய ஆளோ. சொல்லாவிட்டால், உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று எடுத்த சத்தியம் போய்விடும். இந்த இடத்தில் அவசரப்படாமல் ஒரு முழு அத்தியாயம் எழுதுங்கள். ஒரு பழைய நண்பர் வந்து காப்பாற்றுவது போல மட்டும் எழுதிவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

கூட ஒரு உள்ளூர்த் தமிழர் இருந்தால் கதை கனம் பெறும். சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த ஒரு போலீஸ் கேப்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் வீட்டை இழந்த இந்தியக் குடும்பங்களை 1960-களில் குடியேற்றிய பேட்டை அது. அவருக்குத் தேவாரத்தில் நான்கு வரி தெரியும், பேச்சுத் தமிழ் வராது. அவளை ஆன்ட்டி என்பார். 1860-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முதல் கூலிகளை டர்பனில் இறக்கியது, 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள் வந்தார்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், அப்பா பெயர், கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று எழுதியிருக்கிறார்கள். கேப்டன் தன் கொள்ளுத்தாத்தாவின் எண்ணை நெஞ்சில் வைத்திருக்கட்டும். அந்தக் கிராமத்தின் பெயரைச் சரியாக உச்சரித்துக் காட்டுபவள் அவளாக இருக்கட்டும். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நம்புவதற்கு அது போதும்.

ஊர்ச் சங்கதிகளை அளவாகத் தூவுங்கள். அறுவடைக்கு முன் கரும்புத் தோட்டத்தை எரிப்பார்கள், கரிச் சாம்பல் பறந்து வந்து கார் மேலும் கொடித் துணி மேலும் விழும். வண்டி எங்கே நின்றது என்பதற்கு அது சாட்சி. மின்வெட்டு இருக்கும் காலத்தில் கதை நடந்தால், ஏரியாவுக்கு ஏரியா அதன் நேரம் மாறும், எட்டு மணிக்கு டிவி பார்த்தேன் என்பவனை அதில் பிடிக்கலாம். ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌ சாப்பிடும் காட்சியை எல்லோரும் எழுதியாகிவிட்டது, விட்டுவிடுங்கள்.

முடிவில் தூக்குத்தண்டனை எழுதாதீர்கள், 1995-லேயே அரசியல் சாசன நீதிமன்றம் அதை ஒழித்துவிட்டது. தீர்ப்பு வரை இழுக்கவும் வேண்டாம். மொழிபெயர்ப்பவருக்கு ஒரு விதி உண்டு. சாட்சி நான் என்றால் நாமும் நான் என்றே சொல்ல வேண்டும். அவன் வெட்டினேன் என்றால் என் வாயிலிருந்தும் வெட்டினேன் என்றே வரும். கதை முழுக்க உங்கள் கதாநாயகி அடுத்தவரின் நானைத்தான் பேசிக்கொண்டு வருகிறாள். கடைசிக் காட்சியில் அவள் கையை உயர்த்தி, நீதிபதி தலையாட்டியதும், “சற்று முன் நான் சொன்ன அந்த வீயில், மை லார்ட், நானும் இருக்கிறேன்” என்று சொல்லட்டும். கூண்டில் நிற்பவனுக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் அவன் பக்கம் திரும்பி, அதைத் தமிழிலும் சொல்லட்டும். அரைப் பக்கம் போதும். அங்கே நிறுத்திவிடுங்கள்.