தேயிலைத் தொழிற்சாலையின் மின்னணு ஆவணங்களை வழக்குக்காகத் திரட்டும் முறை

கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்தில் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று, சரக்கு எடுத்தவருடன் பாக்கி குறித்தோ தரம் குறித்தோ வழக்காட நேர்ந்தால், அந்த வழக்குக்கு வேண்டிய ஆதாரங்களில் பெரும்பகுதி இன்று அலுவலக பீரோவில் இருப்பதில்லை. எடை போடும் இடத்துக் கம்ப்யூட்டரிலும், டேலி என்ற கணக்கு மென்பொருளிலும், மேலாளரின் ஜிமெயிலிலும், கொழுந்து ஏஜென்டுகளின் வாட்ஸ்அப் குழுவிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டி, நீதிமன்றம் ஏற்கும் வடிவில் வழக்கறிஞரிடம் ஒப்படைக்க வேண்டிய அலுவலகப் பொறுப்பாளருக்காக இந்தக் குறிப்பு எழுதப்படுகிறது.

தகராறு வணிகம் சார்ந்ததாகவும் அதன் மதிப்பு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாததாகவும் இருந்தால் 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் பொருந்தும். அத்தகைய வழக்குகளுக்கென்றே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 11 மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. வழக்குத் தொடுப்பவர் பிராதுடனும், எதிர்வாதி எதிருரையுடனும், தம் கைவசமும் கட்டுப்பாட்டிலும் உள்ள ஆவணங்களின் பட்டியலையும் நகல்களையும் தாக்கல் செய்ய வேண்டும். தமக்குச் சாதகமானவற்றை மட்டும் பொறுக்கிக் கொடுக்கும் பழக்கம் இங்கே செல்லாது. பாதகமானதும் பட்டியலில் ஏற வேண்டும். எதிருரைக்கு அழைப்பாணை கிடைத்ததிலிருந்து 30 நாட்கள், நீதிமன்றம் அனுமதித்தால் அதிகபட்சம் 120 நாட்கள் என்பதால், தேடும் வேலைக்கு எதிர்வாதியிடம் அவகாசம் மிகக் குறைவு.

ஆகவே வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றே செய்ய வேண்டியது தேடுவதன்று, அழிவதை நிறுத்துவது. எது முதலில் அழியுமோ அதை முதலில் எடுக்க வேண்டும். வாசல் கேமராவின் பதிவுப் பெட்டி, வட்டு நிறைந்ததும் பழைய காட்சிகளின் மேலேயே புதியவற்றைப் பதிந்துகொண்டே போகும் என்பதால் லாரி சரக்கு ஏற்றிய காட்சி வேண்டுமானால் அதுதான் முதல் வேலை. அடுத்தது வாட்ஸ்அப்பில் தானாக மறையும் செய்திகளுக்கான ஏற்பாட்டை நிறுத்துவது. அதற்கடுத்தது, வேலையை விட்டுப் போகவிருக்கும் ஊழியரின் அலுவலகக் கைபேசியைத் துடைத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடாமல் தடுப்பது. மின்னஞ்சலும் டேலியும் சில நாட்கள் பொறுக்கும். நிறுமச் சட்டத்தின்படி பதிவான கம்பெனிகள் 2023 ஏப்ரல் 1 முதல், திருத்தங்களின் தடத்தைப் பதிவு செய்யும் கணக்கு மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்பதால், அங்கே கணக்கில் யார் எப்போது கைவைத்தார் என்பதும் தெரிந்துவிடும்.

திரட்டும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் விடுவது நல்லது. எந்தக் கருவியிலிருந்து, எந்த நாளில், எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில், எந்தக் கோப்பு எடுக்கப்பட்டது என்று அவர் ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி வர வேண்டும். பிற்பாடு பிரமாணத்தில் கையெழுத்திடவும் குறுக்கு விசாரணைக்கு நிற்கவும் போகிறவர் அவராகவே இருக்கக்கூடும் என்பதால், கம்ப்யூட்டர் தெரிந்த பையன் என்பதற்காக மட்டும் தற்காலிக ஊழியரிடம் இந்த வேலையைத் தள்ளிவிடுவதை நான் ஏற்பதில்லை.

நகல் எடுக்கும்போது கோப்பின் உள்ளடக்கத்தைப் போலவே அதன் தேதிகளும் சாட்சியம் என்பதை மறக்கக் கூடாது. விண்டோஸில் ஒரு கோப்பைச் சாதாரணமாகப் பென் டிரைவில் நகலெடுத்தால், உருவாக்கப்பட்ட தேதி என்று நகலில் காட்டுவது நகலெடுத்த நாளைத்தான். எனவே மூலத்தில் உள்ள தேதிகளை முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். மின்னஞ்சலை வழக்கறிஞருக்கு ஃபார்வர்டு செய்வதும் போதாது. அது எந்த வழியாக வந்தது என்பதைச் சொல்லும் தலைப்பு விவரங்கள் அதில் விடுபட்டுவிடும் என்பதால், அஞ்சலை முழுக் கோப்பாகவே இறக்கிச் சேமிக்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்தால் கிடைப்பது யாரும் திருத்தக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு. ஆகவே கைபேசியையும் பத்திரப்படுத்த வேண்டும்.

எடை போடும் இடத்துக் கம்ப்யூட்டரைத் தொடுமுன் அதன் கடிகாரத்தைக் கைபேசி நேரத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அடிக்கடி மின்சாரம் போகும் மலைப்பகுதியில், உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோன பழைய இயந்திரம், கரண்டு வந்ததும் பல வருடம் பின்னுக்குப் போன தேதியுடன் விழித்துக்கொள்வதுண்டு. சென்ற மாதத்து எடைச் சீட்டு 2009ஆம் ஆண்டில் அச்சானதாகக் காட்டினால் எதிர்த்தரப்பு அதைச் சும்மா விடாது. கடிகாரத்தைத் திருத்திவிடாமல், வித்தியாசம் எவ்வளவு என்பதைப் புகைப்படத்துடன் குறித்து வைத்து, டெலிவரி சலானுடனும் சரக்கு அனுப்ப இணையத்தில் எடுத்த இ-வே பில்லுடனும் பொருத்திக் காட்டுவதே சரியான வழி.

தேடல்தான் பலரும் எளிது என்று நினைத்து ஏமாறும் இடம். ‘கொழுந்து’ என்று தட்டச்சு செய்து தேடினால் எல்லாம் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்கள் கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவுமே சேமிக்கப்பட்டிருப்பதால் ஒருங்குறித் (யூனிகோட்) தமிழில் தேடும்போது ஒன்றுகூட அகப்படாது. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிய தனி நகலில்தான் தேட வேண்டும். ஒருங்குறியிலும் சிக்கல் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் ககரத்துடன் சேரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் எனத் தனித்தனிக் குறிகளாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றாலும் சில மென்பொருள்கள் அவற்றை வெவ்வேறாகவே கொள்ளும். பிடிஎஃப் கோப்பிலிருந்து எடுக்கும் தமிழ் எழுத்துகள் பல நேரம் இடம் மாறிக் குழம்பியிருக்கும். வாட்ஸ்அப்பிலோ ஆங்கில எழுத்தில் அடித்த தமிழே மிகுதி. அதில் ஒரே சொல்லை நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள். ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றும் பட்டியலில் இருக்க வேண்டும். ஒரே ஹட்டியில் (படுகர் ஊரில்) ஒரே பெயருடையவர் பலர் இருப்பார்கள் என்பதால் விவசாயிகளைப் பெயரால் தேடுவதைவிடத் தொழிற்சாலை கொடுத்துள்ள உறுப்பினர் எண்ணால் தேடுவது மேல்.

படுக மொழியில் அனுப்பிய குரல் செய்திகள் எந்தச் சொல் தேடலிலும் சிக்கா. மொழி தெரிந்தவர் ஒவ்வொன்றையும் கேட்டு, தேதி, பேசியவர், தமிழில் பொருள் ஆகியவற்றை எழுத வேண்டும். அப்படிப்பட்ட ஒலிப்பதிவை ஆதாரமாகக் கொள்வதாக இருந்தால் மின்னணு நகலாகவே கொடுக்கலாம்; மற்றவற்றுக்கு அச்சுப் பிரதி போதும் என்று கட்டளை 11 விதி 6 அனுமதிக்கிறது. தேடல் முடிந்ததும், இருப்பது உறுதியாகத் தெரிந்த சில ஆவணங்கள் அதில் அகப்பட்டனவா என்று சோதித்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் சொற்பட்டியலைத்தான் திருத்த வேண்டும்.

வழக்கறிஞருடன் நடத்திய கடிதப் போக்குவரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டென்பதால் அதைத் தனியே பிரித்து வைத்துவிட வேண்டும். வழக்குக்குத் தொடர்பில்லாத விவசாயிகளின் ஆதார், வங்கிக் கணக்கு எண்களை மறைப்பது பற்றி அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சான்றிதழ். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவுடன் தர வேண்டிய சான்றிதழின் முதல் பகுதியைத் தரப்பினரும் இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் கோப்பின் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு, இடம்பெறும். அதை நகலெடுத்த நிமிடமே கணக்கிட்டு நோட்டில் எழுதிவிட வேண்டும். பிறகு யாராவது கோப்பைத் திறந்து ஒரு புள்ளியை மாற்றிச் சேமித்தாலும் அந்த மதிப்பு மாறிவிடும். பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் கீழான சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உறுதி செய்தது என்பதால் இதை வெறும் சம்பிரதாயமாக எண்ண இடமில்லை. நிபுணரைக் கோவையிலிருந்து வரவழைப்பதானால், மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நிற்கும் நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியலைத் தாக்கல் செய்தபின் புதிதாக ஆவணம் ஏதும் கிடைத்தால் அதையும் வழக்கறிஞரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். வெளிப்படுத்தும் கடமை வழக்கு முடியும்வரை தொடர்கிறது. மேல்முறையீட்டுக் காலமும் கழியும்வரை பழைய கம்ப்யூட்டரையும் கைபேசியையும் ஈரம் படாத இடத்தில் சீல் வைத்துப் பாதுகாக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் போடக் கூடாது.