காது கேளாதோர் சபைக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துச் சபைகளிலிருந்து கென்யா, பிலிப்பைன்ஸ் என்று ஊழியப் பயணம் கிளம்புகிற இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். பயணத்தில் ஒரு ஞாயிறு காது கேளாதோர் சபையில் என்று இருந்தால், சில விஷயங்களை இங்கேயே பேசி முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

கடற்கரையில் வளர்ந்த நமக்கு ஒரு தைரியம் உண்டு. எஞ்சின் இரைச்சலில் பக்கத்துப் படகுக்காரரிடம் கையைக் காட்டியே பேசிவிடுகிறோமே, அங்கேயும் சமாளித்துவிடலாம் என்று. முடியாது. சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. நாட்டுக்கு நாடு அது மாறும். இந்தியச் சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளைக் காட்ட இரண்டு கையும் வேண்டும், கென்யாவில் ஒரு கை போதும். கென்யாவின் 2010 அரசியலமைப்பில் அந்த நாட்டுச் சைகை மொழி நாடாளுமன்ற மொழிகளில் ஒன்று. பிலிப்பைன்ஸில் 2018-இல் தனிச் சட்டமே வந்தது. வணக்கம், நன்றி, என் பெயர் இது என்பதையாவது அந்த ஊர்ச் சைகையில் பழகிக்கொள்ளுங்கள்.

பெரிய தவறு குணமாக்கும் ஜெபத்தில்தான் நடக்கிறது. ஆராதனை முடிந்ததும் வந்த குழு முன்னால் நின்று, ஒவ்வொருவர் காதிலும் கையை வைத்துச் சத்தமாக ஜெபிக்கத் தொடங்கும். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் இப்படி ஜெபிக்கச் சொல்லி அவர் கேட்டாரா? அந்த மனிதர் வேலைக்குப் போகிறவர், பிள்ளை வளர்க்கிறவர், அந்தச் சபையின் மூப்பராகக்கூட இருக்கலாம். காதில் கை விழுந்ததும் தன் சபையார் முன்னாலேயே நோயாளி ஆகிவிடுகிறார். காது திறக்கவில்லை என்றால் விசுவாசம் போதவில்லை என்கிற பழியும் அவர் தலையில்தான். மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இயேசு காது கேளாத ஒரு மனிதரை ஜனக்கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துக்கொண்டு போகிறார். அதைக் கவனித்துப் படியுங்கள். “உங்களுக்காக என்ன ஜெபிக்கட்டும்?” என்று முதலில் கேளுங்கள். மகள் படிப்பு, வீட்டு வாடகை என்று நம் ஊர்க்காரர் சொல்வதையே அவரும் சொல்லக்கூடும்.

ஜெபம் என்றதும் கண்ணை மூடுவது நமக்குப் பழக்கம். அங்கே ஜெபிக்கிறவரின் கையைப் பார்த்துத்தான் ஆமென் சொல்ல முடியும், அதனால் கண்ணைத் திறந்தே இருங்கள். சாட்சி சொல்லும்போது ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், முகம் இருட்டாகிவிடும். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து “அவரிடம் சொல்லுங்கள்” என்பதும் வேண்டாம். யாரிடம் பேசுகிறீர்களோ அவர் முகத்தைப் பார்த்தே பேசுங்கள். கூப்பிட வேண்டுமானால் தோளை லேசாகத் தொட்டால் போதும். வீடியோ எடுக்க எழுந்து நின்றால் பின்னால் இருப்பவருக்குப் பிரசங்கமே போச்சு. படம் போடுவதற்கு முன் கேளுங்கள், குழந்தைகள் என்றால் பெற்றோரிடம்.

இன்னொன்று, கொடுக்கிறவர் நாம், வாங்குகிறவர் அவர்கள் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். காது கேளாத ஆண்ட்ரூ ஃபாஸ்டர் அமெரிக்காவிலிருந்து ஊழியராக வந்தவர். 1957-இல் கானாவில் தொடங்கி, ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் காது கேளாத பிள்ளைகளுக்கு 30-க்கும் மேற்பட்ட பள்ளிகளை நிறுவினார். நீங்கள் போகிற சபையின் போதகரும் காது கேளாதவராக இருந்தால், உங்கள் குழுத் தலைவர் பேசுகிற நேரத்தைக் குறைத்து அவருடைய பிரசங்கத்துக்கு உட்காருங்கள்.

அப்புறம், ஆராதனை முடிந்தாலும் யாரும் உடனே கிளம்ப மாட்டார்கள். வாரம் முழுக்கத் தங்கள் மொழியில் பேச ஆள் கிடைக்காதவர்கள் பலர் அங்கே இருப்பார்கள். வேன்காரரை ஒரு மணி நேரம் தள்ளியே வரச் சொல்லுங்கள்.