1923 ஜெர்மன் தபால்தலைகள்: பூஜ்யங்களைப் பார்த்துப் பணத்தை விடாதீர்கள்

50 மில்லியார்டன் மார்க் தபால்தலையை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஒரு மில்லியார்ட் என்பது நூறு கோடி; அப்படியென்றால் நம் கணக்கில் 5,000 கோடி மார்க்! அந்த மலைப்பிலேயே கேட்ட விலையைக் கொடுத்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஜெர்மனியில் பணவீக்கம் தலைவிரித்தாடிய காலம் அது. 1923 நவம்பர் 1 அன்று உள்நாட்டுக் கடிதத்துக்குக் கட்டணம் 10 கோடி மார்க். டிசம்பர் 1 அன்று 10,000 கோடி. அச்சடித்து முடிப்பதற்குள் கட்டணம் ஏறிவிட்டதால் கட்டுக்கட்டாகத் தேங்கிப்போன புதுத்தலைகள் இன்றும் சல்லிசாகக் கிடைக்கின்றன.

தபாலில் போய் வந்த தலைக்குத்தான் கிராக்கி. சில தலைகள் ஒருசில வாரங்கள்கூடப் புழக்கத்தில் இல்லை. மோசடியும் இங்கேதான்: மலிவான புதுத்தலையில் போலி முத்திரை குத்தி விற்பது பழைய தொழில். ஜெர்மன் தபால்தலை விலைப்பட்டியலான மிஹெல் கேட்டலாகில் முத்திரையிட்ட தலைக்குப் போட்டிருக்கும் நல்ல விலை, நிபுணர் சோதித்த தலைக்கு மட்டும்தான். பின்பக்கத்தில் 'இன்ஃப்லா' (பணவீக்கக் காலத் தலைகளைச் சோதிக்கும் நிபுணர்) சோதனையாளரின் குட்டி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கத்தில் தேதியைப் பாருங்கள். இந்தத் தலைகள் 1923 டிசம்பர் 31 வரைதான் செல்லுபடி. 1924 தேதி இருந்தால் கீழே வைத்துவிடலாம்.

கவரைத் தண்ணீரில் ஊறவைத்துத் தலையைப் பிரிப்பதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியாது. நவம்பர் 28 தேதியிட்ட ஒரு கவரில் ஒரே ஒரு 20 மில்லியார்டன் தலை ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றைய கட்டணமோ 80. பாக்கி எங்கே? பாக்கியே இல்லை. நவம்பர் 26 முதல் 30 வரை தலைகளை, அச்சிட்ட தொகையைப்போல நான்கு மடங்குக்குத் தபால்துறை விற்றது. அந்த ஐந்து நாள் கூத்துக்கு அத்தாட்சி முழுக் கவர்தான். பிரித்தெடுத்தால் கையில் மிஞ்சுவது இன்னொரு சாதாரணத் தலை.

அப்புறம், இரண்டு தலைகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால் ஒன்றை உபரி என்று தள்ளிவிடாதீர்கள். வாட்டர்மார்க் ஒன்றில் சாய்சதுரமாகவும் இன்னொன்றில் வலைபோலவும் இருக்கலாம். விலையில் பெரிய வித்தியாசம் வரும். ஓரத்தையும் கவனியுங்கள்: சிலவற்றுக்கு வட்டத் துளைகள், சிலவற்றுக்கு வெறும் கீறல்.

'டான்ஸிக்' என்று அச்சிட்டிருந்தால் அது அப்போதைய சுதந்திர நகரத்தின் தலை. அங்கேயும் 1923-இல் இதே பூஜ்ய வரிசைதான். ஆல்பத்தில் தனிப் பக்கம் கொடுங்கள்.