வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்ல சட்டப்படி என்ன காரணம் வேண்டும்?

தமிழ்நாட்டு நகர்ப்பகுதிகளில் வீட்டு வாடகைக்கு இன்று நடப்பில் இருப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 அன்று அது அமலுக்கு வந்ததும் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரத்தானது. ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது காலி செய்ய வைக்க வேண்டுமென்றால் 21ஆவது பிரிவில் சொன்ன காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். உத்தரவு வாடகை நீதிமன்றத்திலிருந்து வர வேண்டும்.

முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 11 மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகாமல் தப்பிக்க மட்டுமே அது உதவும். இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வது வேறு வேலை. எத்தனை மாத ஒப்பந்தமானாலும் கட்டாயம். பதிவு இல்லாத ஒப்பந்தம் சாட்சியமாக ஏற்கப்படாது. அப்போது வாடகை எவ்வளவு, கெடு எந்தத் தேதி என்று காட்டக் கையில் எதுவும் இருக்காது. எழுத்து ஒப்பந்தத்துக்கே வாடகைதாரர் வரவில்லை என்றால் அதுவே வழக்குக்கு ஒரு காரணம். ஆனால் நீங்கள் வரைவை எழுத்தில் அனுப்பியதற்கு ஆதாரம் வையுங்கள்.

அதிகம் வருவது வாடகை பாக்கி வழக்குதான். அதிகம் சொதப்புவதும் அதில்தான். இரண்டு மாதப் பாக்கி சேர்ந்திருக்க வேண்டும். வாடகை 12,000, பராமரிப்பு 1,500 என்றால் 27,000 ரூபாய். இதை மாதவாரியாகப் பிரித்து நோட்டீஸில் எழுதுங்கள். தாமத வட்டியை ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டும் சேருங்கள். நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மாதம் அவகாசம் உண்டு. அதற்குள் முழுத்தொகையும் கட்டிவிட்டால் வழக்கு நிற்காது. வாட்ஸ்அப்பில் கேட்டதை நம்பி இருக்காதீர்கள். கையெழுத்திட்ட நோட்டீஸைத் தபாலில் அனுப்பலாம், அவரிடமோ வீட்டிலுள்ள குடும்பத்தாரிடமோ நேரில் கொடுக்கலாம். இரண்டும் முடியாவிட்டால் வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். 'கதவு பூட்டியிருந்தது' என்று திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். தபால்காரர் எழுதிய குறிப்பும் தேதியும் அதன் மேல்தான் இருக்கும். "அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்க" என்று வாடகைதாரர் சொல்வார். அட்வான்ஸ் காலி செய்யும்போது கணக்குப் பார்க்கிற பணம். கழிக்க நீங்கள் சம்மதித்தால் பாக்கியை நீங்களே அழித்தவராவீர்கள்.

எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டது, நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, ஆள் இருக்கும்போது செய்ய முடியாத பழுதுபார்ப்பு அல்லது இடித்துக் கட்டும் வேலை, சொந்தக் குடியிருப்புத் தேவை ஆகியவையும் காரணங்களே. பழுதுக்குப் பொறியாளர் அறிக்கையும் கட்டட வரைபட அனுமதியும் இருந்தால் வாதம் சுருங்கும். "விற்கப் போகிறேன்", "பக்கத்து வீட்டில் கூட வாடகை வருகிறது" என்பவை மட்டும் போதாது.

கரண்டைப் பிடுங்குவது, மோட்டாரை நிறுத்துவது, பூட்டை மாற்றுவது எல்லாம் உங்களுக்கே வினையாகும். தண்ணீர், மின்சாரத்தை நிறுத்துவதை 20ஆவது பிரிவு தடுக்கிறது. வாடகைதாரர் நேரே வாடகை அதிகாரியிடம் போகலாம். வாடகையை வாங்க மறுத்துப் பாக்கியை உண்டாக்கும் வித்தையும் எடுபடாது. அவர் தொடர்ந்து இரண்டு மாதம் மணியார்டரில் அனுப்பிப் பார்த்துவிட்டு, அதன்பின் வாடகை அதிகாரியிடமே கட்டிவிடலாம்.