மலையணிலைக் கண்டுபிடித்துக் கவனிப்பது எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிற பலர் மலையணிலைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். வாலோடு சேர்த்து ஏறக்குறைய மூன்றடி நீளமும் ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையும் உள்ள கொறி விலங்கு அது. ஆனால் தரைக்கு அபூர்வமாகத்தான் இறங்கும். தேட வேண்டிய இடம் மரத்தின் உச்சி.

படி 1: காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். நண்பகலில் அது கிளையில் படுத்து ஓய்வெடுக்கும். பைனாகுலரும் குறிப்பேடும் போதும்.

படி 2: மரங்களைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். மலையணில் மரத்துக்கு மரம் தாவியே பயணிக்கிறது. ஒரே தாவலில் 6 மீட்டர் வரை கடக்கும். அதைவிட அகலமான வெட்டவெளி அதன் வழியை மறித்துவிடும். சாலைக்காக நான்கு பெரிய மரங்களை வெட்டினால்கூட அதன் உலகம் இரண்டாகப் பிளந்துபோகலாம். எனவே, கிளைகள் ஒன்றோடொன்று பின்னி நிற்கும் இடத்தில் காத்திருங்கள்.

படி 3: கூட்டைத் தேடுங்கள். இலைகளும் சுள்ளிகளும் சேர்ந்த பெரிய உருண்டை, கனமான எதிரிகள் எட்டமுடியாத மெல்லிய கிளைகளில் இருக்கும். ஓர் அணிலே பல கூடுகள் கட்டும் என்பதால், கூடுகளை எண்ணி அணில்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிடாதீர்கள்.

படி 4: காதுகொடுங்கள். கடகடவென்று உரத்த ஒலி தொடர்ந்து கேட்டால் அது எச்சரிக்கை. கழுகோ சிறுத்தையோ அருகில் இருக்கலாம். ஆபத்து நெருங்கினால் மலையணில் கிளையோடு ஒட்டிப் படுத்து அசையாமல் இருந்துவிடும். அப்போது பொறுமையாக நில்லுங்கள்.

படி 5: அது உண்பதைக் கட்டாயம் பாருங்கள். பின்னங்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு, உடலை ஒரு பக்கமும் வாலை மறுபக்கமும் தொங்கவிடும். வால்தான் தராசின் எடைக்கல். முன்கைகள் இரண்டும் பழத்தைப் பிடித்துத் திருப்ப, உளிப் பற்கள் தோலைச் சீவித் தள்ளும். அந்தப் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை. கொறித்துத் தேய்த்தால்தான் அளவில் நிற்கும். மரத்தடியில் புதிதாகச் சிதறிய தோல் துண்டுகளைக் கண்டால் உடனே அண்ணாந்து பாருங்கள்.

படி 6: நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதுகின் செம்பழுப்பும் கருமையும் இடத்துக்கு இடம் மாறும், வயிறு வெளிர்நிறம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் சாம்பல் பூத்த உடலோடு தெரிந்தால், அது நரை அணில் என்ற வேறு இனமாக இருக்கலாம். அதற்கென்றே அங்கு 1988-இல் சரணாலயம் அமைக்கப்பட்டது.

தின்பண்டம் எதுவும் கொடுக்காதீர்கள். குறிப்பில் மரத்தின் பெயரோடு, அதன் கிளைகள் அடுத்த மரத்தைத் தொடுகின்றனவா என்பதையும் எழுதுங்கள்.