பீட்டை முதலில் போட்டால் வரும் வினை

திருகோணமலை உப்புவெளியில் என் அறையில் ஒருநாள் நடந்தது. பாட்டுக்கான பீட், பேஸ் எல்லாவற்றையும் 1 கட்டைச் சுருதியில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு), அதாவது சி-யில், முடித்து வைத்துவிட்டுத்தான் பாட வேண்டிய அக்காவைக் கூப்பிட்டேன். அவருடைய சுருதி 5½ கட்டை. மேலே எடுத்தால் தாரஸ்தாயியில், அதாவது உச்சத்தில், தொண்டை கிழிகிறது, கீழே எடுத்தால் குரலே இல்லை. "தம்பி, முதலே சுருதியைக் கேட்டிருக்கலாமே" என்றார். அன்றைய வேலை தேத்தண்ணியோடு முடிந்தது.

கர்நாடக இசையோடு இலத்திரனியல் ஒலியைச் சேர்க்கிறவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். சுருதி, ராகம், தாளம் மூன்றும் முடிவான பிறகு கொம்பியூட்டரைத் திறவுங்கள். நாதஸ்வரம் என்றால் இன்னும் கவனம். சீவாளியை, அதாவது வாயில் வைத்து ஊதும் நாக்கை, சரிசெய்து சுருதியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம், அவ்வளவுதான். சிந்தசைசர்தான் அதனிடம் இறங்கி வர வேண்டும். சுருதியை நுணுக்கமாக நகர்த்தும் 'ஃபைன் டியூன்' இருப்பது அதற்குத்தானே.

அப்புறம் கோர்ட் (chord), பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது. மோகன ராகத்துக்கு ஸ ரி க ப த மட்டும். ஸ சி-யில் இருக்கும்போது, பழக்கதோஷத்தில் எஃப் மேஜர் பிடித்தால் மத்திமம் நுழைந்துவிடும், ஜி மேஜரில் நிஷாதம். சி மேஜரும் ஏ மைனரும் கெடுக்காது. என்னைக் கேட்டால், தம்புரா போதும், கோர்டே வேண்டாம்.

பிசகிய குரலைச் சுருதிக்கு இழுக்கும் மென்பொருளான ஓட்டோ டியூன் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரமா? ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில் ஆடிக்கொண்டே இருப்பது. மென்பொருளுக்கோ ஸ்தாயி என்றால் 12 படிகள். திருத்தும் வேகத்தைக் கூட்டி வைத்தீர்களோ, அந்த அசைவை வெட்டி வெட்டிப் படிக்கட்டாக்கிவிடும். தோடி அங்கேயே போய்விட்டது. பிசகிய வரியை மறுபடி பாடவைப்பது சுலபம்.

ஆதி தாளம் 8 எண்ணிக்கை, ஆயத்த லூப்பில், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பீட் துண்டில், உட்கார்ந்துவிடும். மிஸ்ர சாப்பு 7. அதன் அடியில் நாலெண்ணிக்கை லூப்பை ஓடவிட்டால் 28 எண்ணிக்கைக்கு ஒருமுறைதான் இரண்டும் ஒன்றாக விழும். அதுவரை மிருதங்கக்காரரின் முகத்தைப் பார்க்க முடியாது. மென்பொருளில் 7/8 வைத்து, 3 + 4 என்று நீங்களே பீட் கட்டுங்கள். மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத்தில்) கும்கி என்ற அடிநாதம் விழும் இடத்தில், பீட்டின் கிக் டிரம்மை எடுத்துவிடுங்கள், இரண்டும் கீழ்ச்சுருதியில் மோதும்.

கோணேசர் கோயில் மலையில் நின்று போனில் கடலைப் பிடித்து, தம்புராவுக்கு அடியில் போடும் ஆசை இங்கே எல்லோருக்கும் உண்டு. எனக்கும் வந்தது. காற்று மைக்கில் நேரே அடித்து, வீட்டில் வந்து கேட்டால் அலையே இல்லை, வெறும் புஸ் புஸ். மைக்குக்குப் பஞ்சு உறை மாட்டி, கீழே டச்சுக்குடாவுக்குப் போங்கள், விடியப்புறம், ஓட்டோக்கள் ஓடத் தொடங்குமுன்.