ஸ்கேனரையும் போட்டோஷாப்பையும் சேர்த்து வேலை வாங்கறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய போட்டோ சரி பண்ண கத்துக்க வர்ற பசங்க எல்லாரும் ஒரே இடத்துல தான் வழுக்கறாங்க, நாங்கல்லாம் ஆரம்பத்துல வழுக்கின அதே இடம். கண்ணாடிய தொடைங்க, போட்டோவ நேரா வைங்கன்னு சொல்ல வரல, அது எல்லாருக்கும் தெரியும்.

ஸ்கேனர் பேர் மெனுல வரலன்னு போட்டோஷாப்ப அழிச்சு திரும்ப போடறது

போட்டோஷாப் மேல தப்பே இல்ல. ஸ்கேனரும் எடிட்டரும் பேசிக்க ட்வெய்ன்னு ஒரு முறை 1992லேருந்து இருக்கு, பழைய ஸ்கேனருக்கு வந்த டிரைவர், அதாவது ஸ்கேனர கம்ப்யூட்டர் இயக்க போடற சாப்ட்வேர், பெரும்பாலும் 32 பிட், இப்போ இருக்கற போட்டோஷாப் 64 பிட், ரெண்டும் நேரடியா ஒட்டாது. விண்டோஸ் போல்டருக்குள்ள ட்வெய்ன்_32ல மட்டும் உங்க ஸ்கேனர் பேர் இருந்து ட்வெய்ன்_64ல இல்லன்னா இதான் காரணம். ஸ்கேனரோட கூட வந்த சாப்ட்வேர்லயே ஸ்கேன் பண்ணி, தரம் குறையாம சேமிக்கற டிஃப் பைலா வெச்சுக்கிட்டு எடிட்டர்ல திறங்க. அதுவும் ஓடலன்னா வியூஸ்கேன்னு ஒரு தனி ஸ்கேன் சாப்ட்வேர் இருக்கு, அத பாருங்க, கம்பெனியே கைவிட்ட நெறைய ஸ்கேனருக்கு அதுல சொந்த டிரைவர் இருக்கு. லினக்ஸ்னா ஸ்கேன் பண்ண எக்ஸ்சேன்.

பிளாக் அண்ட் ஒயிட்னு இருக்கறத அமுக்கறது

நெறைய டிரைவர்ல அது 1 பிட், கறுப்பு இல்லன்னா வெள்ளை, நடுவுல எதுவும் கிடையாது. கிரேஸ்கேல் போடுங்க, மஞ்சளாயிட்ட படம்னா கலர்லயே எடுங்க.

ஆட்டோ கரெக்‌ஷன் ஆன்ல விட்டு ஜேபெக்ல எடுக்கறது

இத நெனச்சா இப்பவும் எரிச்சலா வருது. எங்கிட்ட கத்துக்கிட்ட ஒரு தம்பி, சொந்தக்காரங்க வீட்டு கல்யாண ஆல்பம் முழுக்க ஃபுல் ஆட்டோல ஸ்கேன் பண்ணிட்டு, ஆல்பத்த திருப்பி குடுத்துட்டு பென்டிரைவோட வந்தான், "அண்ணா கலர் மட்டும் சரி பண்ணி குடுங்க"ன்னு. திறந்து பாத்தா மாப்பிள்ளையோட வெள்ளை சட்டை வேட்டி எல்லாம் பேப்பர வெட்டி ஒட்டின மாதிரி ஒரே வெள்ளை, பாக்கெட் இல்ல, பட்டன் இல்ல, வேட்டி மடிப்பு இல்ல. எடிட்டர்ல வெளிச்சத்த கூட்டிக் குறைக்கற கர்வ்ஸ இழுத்தா வெள்ளை சாம்பலா மாறுது, உள்ள ஒண்ணும் வரல, ஏன்னா அந்த இடம் முழுக்க 255லயே, அதாவது சுத்த வெள்ளைலயே நிக்குது. பொண்ணு புடவை ஜரிகை ஓரத்துல ஸ்கேனர் தானா போட்ட ஷார்ப்பனிங்ல வெள்ளைக் கோடு. ஆல்பம் அதுக்குள்ள பெரிய பொண்ணோட சிங்கப்பூர் போயிடுச்சு, திரும்ப ஸ்கேன் பண்ண வழியில்ல. ஒரிஜினல்ல அந்த பட்டன் கண்டிப்பா இருந்திருக்கும், அதான் மனசு கேக்கல.

ஸ்கேனர்ல பாக்க பளிச்சுனு இருக்கணும்னு நெனைக்காதீங்க தம்பிங்களா, மங்கலா இருந்தா தான் நல்லது. டிரைவர்ல புரொபஷனல் மோடுக்கு போய் ஷார்ப்பனிங், கலர் ரீஸ்டோர், தூசி நீக்கறது எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க, கறுப்புலேருந்து வெள்ளை வரைக்கும் எவ்ளோ இருக்குனு காட்டற ஹிஸ்டோகிராம் படத்துல ரெண்டு ஓரமும் முட்டாம இருக்கானு பாருங்க, 48 பிட் கலர் (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொண்ணுக்கும் 16 பிட்), டிஃப். திருத்தறதெல்லாம் எடிட்டர் வேலை, அங்க தப்பா போனா அன்டூ இருக்கு. போட்டோஷாப்புக்கு பதிலா ஜிம்ப் யூஸ் பண்றவங்க 2018ல வந்த 2.10க்கு முன்னாடி வெர்ஷன் வெச்சிருந்தா உடனே மாத்துங்க, பழசுல ஒரு கலருக்கு 8 பிட் தான், 48 பிட்ல எடுத்ததும் வீணா போகும். அப்புறம் முதல் படத்த எடுத்தவுடனே எடிட்டர்ல திறந்து வெள்ளைத் துணிய 100 சதவீதத்துல பாத்துட்டு தான் அடுத்ததுக்கு போகணும், ஆல்பம் கையில இருக்கறப்பவே.

டப்பால போட்டிருக்கற பெரிய டிபிஐய (ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளி) நம்பறது

அது இன்டர்போலேட்டட், சாப்ட்வேர் ஊதி பெருசாக்கினது. ஸ்கேனர் நிஜமா பிடிக்கறது ஆப்டிகல், அது எவ்ளோனு மட்டும் பாருங்க. 4க்கு 6 இன்ச் பிரிண்டுக்கு 600 டிபிஐ தாராளம், 2400க்கு 3600 பிக்சல் வரும், 48 பிட் டிஃப்பா கிட்டத்தட்ட 52 எம்பி. பிலிம் நெகடிவ்னா கதையே வேற, அதுக்கு 2400 டிபிஐக்கு கீழ போகாதீங்க.

ஸ்கேன் பண்ண பைல்லயே வேலை பாக்கறது

காப்பி எடுத்துட்டு ஆரம்பிங்க.